கம்பியில் தொங்கிய சரி

கீழ்த் தெருவில் பல் செட் செய்பவள் சொன்ன "சரி", எதிரே மேல் தெருவில் இருந்த பல் டாக்டரின் காதுக்குப் போய்ச் சேரப் பதினொரு மாதம் ஆனது. நடுவே இருந்தது ஒரு ரோடுதான். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். ஆனால் மேல் தெருவில் மூன்று கம்பெனிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு இன்டர்நெட் கொடுத்தன. அதனால் விலை குறைவு, வேகம் அதிகம். கீழ்த் தெருவுக்கு ஒரே கம்பெனி. அதனால் விலை இரட்டிப்பு. மேலிருந்து வரும் பேச்சு எப்படியோ வந்துவிடும். கீழிருந்து போகும் பேச்சு கேபிளில் ஊர்ந்துதான் போகும். ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மழை பெய்தால் சொற்கள் நனைந்து கனத்து, கேபிள் தொய்ந்து, பால் வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு போவார். புகார் செய்யக் கம்பெனியின் இணையதளத்துக்குள் போக வேண்டும். கீழ்த் தெருவில் அது திறக்காது. ஆகவே புகாரே இல்லாத தெரு என்று கம்பெனி பாராட்டி, முனையில் ஒரு பலகை வைத்தது.

பல் அச்சுகளை டாக்டரின் கம்பவுண்டர் கையில் கொண்டுவந்து கொடுப்பார். பேச்சு மட்டும் வீடியோவில். ஆகவே, கடைவாய்ப் பல்லின் உயரம் பற்றி அவள் கேட்கும் சந்தேகம், செட் நோயாளியின் வாயில் ஏறி அவர் நாலு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட பிறகுதான் டாக்டருக்குக் கேட்கும். ஒருநாள் காலை, பாதி சவரத்தில் ஓடிவந்து உட்கார்ந்த டாக்டர், அச்சைப் பற்றிப் பேசாமல், நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். அவள் உடனே பதில் சொன்னாள். திரையில் அவள் வாய் பாதி திறந்தபடி நின்றது. மூக்கின்மேல் வட்டம் சுற்றியது. நோயாளிகள் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், மறுத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். மேல் தெருவில் பதில் வராவிட்டால் அதற்கு அதுதான் பொருள்.

மெக்கானிக் வேலை பார்க்கும் அவள் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "எதிர்லதானே இருக்காரு, போய்ச் சொல்லிட்டு வாயேன்க்கா."

"சொல்லியாச்சுடா. மாசாமாசம் காசு கட்டித்தான் சொன்னேன். கம்பெனி வேலையையும் நானே பார்க்கணுமா?"

"அப்போ கம்பெனிக்காரனையே கட்டிக்கோ."

அவள் அதிவேகத் திட்டத்துக்கு மாறினாள். இரண்டாவதாக ஒரு "சரி" சொன்னாள். அது வேகமாகப் போய், முதல் "சரி"க்குப் பின்னால் வரிசையில் நின்றது. கம்பெனிக்குப் போன் போட்டாள். "உங்க ஏரியாவுல ஒரு புகாரும் இல்லையே மேடம்" என்றது தேன் போல ஒரு குரல்.

பிறகு ஒரு காலை, டாக்டர் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. வேறு ஊருக்குப் போகிறாராம். நோயாளி சாயும் நாற்காலியை நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவள் மொட்டை மாடிக்கு ஓடி, துணி காயப்போடும் கம்பை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். நடு ரோட்டுக்குமேல், புழுதி படிந்து, பிடிவாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது அவள் பதில். அப்போதும் ஒரு வாய்ச் சொல்லாக அவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கம்பால் நெட்டித் தள்ளிக்கொண்டே நடந்தாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கடைசிக் குத்தில் அது சன்னலுக்குள் போய் விழுந்தது.

உள்ளே, பெட்டிக்குள் வைக்க டாக்டர் கையில் எடுத்திருந்த கம்ப்யூட்டர் பேசியது: "சரி. முதல்ல அந்தக் கன்னத்துல இருக்கற சோப்பைத் துடைங்க."

டாக்டர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வெளியே வந்து, நாற்காலியை இறக்கச் சொன்னார்.

அன்று முதல் கீழ்த் தெருவில் வீட்டுக்கொரு கம்பு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, தள்ளிக்கொண்டே ரோட்டைத் தாண்டுவார்கள். அடுத்த மாத பில்லில் கம்பெனி, கம்புப் பயன்பாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி சேர்த்தது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். அந்த முணுமுணுப்பு இப்போது கம்பெனியை நோக்கி மூன்றாவது கேபிள் கம்பத்தைத் தாண்டியிருக்கிறது.