இருப்புக் கொள்ளாதவள்

கடுக்காய்மேட்டு வீரமுத்துவின் மகள் செவ்வந்தி பன்னிரண்டாவது படித்த வருஷம், ஆடிப் பெருக்குக்கு மறுநாள் மத்தியானத்திலிருந்து அவளால் உட்கார முடியாமல் போனது. காலில் அடியில்லை, இடுப்பில் பிடிப்பில்லை. நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, பாயில் படுத்தால் நன்றாகத் தூங்கவும் முடிந்தது. நடுவில் இருக்கிற அந்த ஒரு சங்கதிதான் கூடவில்லை. குனிந்து உட்காரப் போனால் தரைக்கு ஒரு சாண் மேலேயே உடம்பு நின்றுவிடும். பெரியப்பன் முறையில் இரண்டு பேர் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார்கள். அமுக்கினவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. மற்ற காரியங்களுக்கு என்ன செய்கிறாள் என்று கேட்க ஊருக்கு வெட்கம், அவளும் சொல்லவில்லை. அந்த வாரம் சந்தையில் மரவள்ளிக்கு விலை சுமார்தான்.

காரணம் யாரென்று எல்லோருக்கும் தெரியும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சேர், சாமியானா வாடகைக்கு விடுகிற ஜமால் முகமது பாயின் மகள் ருக்ஷானா. அவர்கள் தெருவிலேயே முதல் பெண் இஞ்சினீயர். சேலத்தில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு கிடைத்தால் கல்வராயன் மலைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏறி வந்து, நீங்களும் இஞ்சினீயர் ஆகலாம் என்று பேசிவிட்டுப் போவாள். அன்றைக்குப் படம் காட்ட லேப்டாப் கொண்டுவந்திருந்தாள். மலையில் கரண்ட் ஒரு விருந்தாளி, அன்றைக்கு வரவில்லை. சரி என்று மூடி வைத்துவிட்டு, "உங்க ஊர்ல எதப் பாத்தா உங்களுக்குப் பத்திக்கினு வருது?" என்று கேட்டாள். ஒருத்தன் ரோடு என்றான், ஒருத்தி டவர் என்றாள். செவ்வந்தி, "ஓடை" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை, முகம் மட்டும் சிவந்தது. ருக்ஷானா சிரித்துக்கொண்டே, "அப்புறம் இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்றாள். விளையாட்டுக்குக் கேட்டதுதான். வகுப்பே எழுந்து நின்றது. மற்ற பிள்ளைகளுக்கு இரண்டொரு நாளில் பழையபடி ஆகிவிட்டது, செவ்வந்திக்கு ஆகவில்லை. இருப்புக் கொள்ளவில்லை என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்கிறோம், அவளுக்கு அது நிஜமாகவே கொள்ளவில்லை.

வீரமுத்துவின் கஷ்டம் வேறு. பிச்சைமுத்துவின் மகனுக்குப் பெண் கொடுப்பதாக வாய் வார்த்தை ஆகியிருந்தது. தை மாசம் கல்யாணம். மணையில் உட்காராத பெண்ணுக்கு எவன் தாலி கட்டுவான்? பூசாரி வேப்பிலை அடித்தார், அவள் நின்றபடியே வாங்கிக்கொண்டாள். டவுன் ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடித்துவிட்டு, எல்லாம் நார்மல் என்றார்கள். அவளோ வீட்டுக்குள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூலைக்கு மூலை நடந்தாள். நடந்த தடம் மண் தரையில் பள்ளமாகி, மழை ஒழுகினால் அங்கேதான் தண்ணீர் கட்டியது. கோழிகளுக்குக்கூட அந்த வீட்டில் அடை காக்கப் பொறுமை இல்லாமல் போனது. இஞ்சினீயருக்குத்தான் படிப்பேன் என்று அவள் சொன்னபோது பிச்சைமுத்து வாய்விட்டுச் சிரித்தான். "கீழ எறங்கிப் பாரு வீரமுத்து, இஞ்சினீரு படிச்சவன்லாம் வண்டில புரோட்டா கொண்டு போய்க்கினு இருக்கான்." அதுவும் பொய்யில்லை. வீரமுத்துவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

புரட்டாசியில் பொறுக்கமாட்டாமல் மகளை இழுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினான். பாதி பஸ் காலி. அவள் நின்றுகொண்டே வந்தாள், கண்டக்டர் உட்காரச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார். கடையில் ஜமால் முகமது ஒரு சேரைத் துடைத்துப் போட்டு, "வாங்க, மொதல்ல உக்காருங்க" என்றார்.

"எம் பொண்ண உக்கார வுடாம பண்ணிட்டு எனக்கு சேரு போட்றியா பாய்?"

பாய் செவ்வந்தியை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "என் பொண்ணு பன்னெண்டாவது படிக்கச் சொல்லோ எழுந்தவ. கடை நெறைய சேரு, இன்னும் ஒண்ணுலயும் நிம்மதியா உக்காரல. ஓதிப் பாத்தேன், தாயத்து கட்டிப் பாத்தேன், மாப்ள கூட பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, வூட்ல சாப்பாட்டு மேசைய ஒசரமாக்கிட்டேன்."

குடோனிலிருந்து ருக்ஷானா வந்தாள். வீரமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, நீ போட்டதை நீயே எடுத்துவிடு தாயி என்று கெஞ்சினான். அவளுக்கு முகம் செத்துப் போயிற்று. விளையாட்டாகக் கேட்ட ஒரு கேள்வி ஒரு வீட்டைப் போட்டு இப்படி ஆட்டும் என்று அவள் நினைக்கவில்லை. எடுக்க வழி தெரியாமல், "அந்த ஓடை எவ்ளோ அகலம்ணா?" என்று கேட்டாள். செவ்வந்திதான் சொன்னாள். "கோடையில பதினஞ்சடி அக்கா. ஐப்பசியில தண்ணி எங்க வரிக்கும் ஏறுதுன்னு வருசா வருசம் சுண்ணாம்புல கோடு போட்டு வெச்சிருக்கேன். அம்மாவ எறக்கி வெச்ச பாறை வரிக்கும் வருது."

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில், பிரசவ வலி கண்ட மனைவி மாரியாயியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வீரமுத்துவும் ஊராரும் அந்த ஓடை வரைக்கும் ஓடினார்கள். ஓடையில் வெள்ளம். வடியட்டும் என்று பாறையில் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வடிந்தபோது அவளும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை. அன்றிலிருந்து வீரமுத்து அந்த வழியே போவதில்லை, எதற்கும் மலையைச் சுற்றிக்கொண்டுதான் போவான். மகள் வருஷம் தவறாமல் அங்கே போய்க் கோடு போடுகிறாள் என்பது அவனுக்கு அந்தக் கடையில்தான் தெரிந்தது. பாய் போட்ட சேரில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். "பள்ளிக்கூடத்துல நீ கேட்டது சரிதாம்மா. அந்த வெள்ளத்துல ஊரே உக்காந்துக்கினுதான் இருந்தோம்." பாய் டீ வாங்கிவரச் சொன்னார். மறுநாள் வீரமுத்து பிச்சைமுத்துவிடம் போய், நிற்கிற பெண்தான் இருக்கிறாள், வேண்டுமானால் நாலு வருஷம் பொறு என்றான். பிச்சைமுத்து பொறுக்கவில்லை. அவன் மகனுக்கு வேறு ஊரில் பெண் கிடைத்தது, நல்ல பெண், அழகாக உட்காருவாள்.

செவ்வந்தி பரீட்சையை நின்றே எழுதினாள், சேலத்தில் ஒரு காலேஜில் சிவிலில் சேர்ந்தாள். சின்னசேலத்தில் ரயிலேற்றிவிட்டு வந்த அன்று வீரமுத்துவுக்கு வீட்டில் அந்தப் பள்ளத்தைப் பார்க்கவே முடியவில்லை, மண் அள்ளி மூடினான். காலேஜில் முதலில் அதட்டினார்கள், பிறகு கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரமாய் ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். பாடம் இங்கிலீஷில் நடந்தது. மூன்று பேப்பர் போய்விட்டது. "மலையில இருந்து வந்தா இப்படித்தான்" என்று எவனோ சொன்னதும் காதில் விழுந்திருக்கிறது. ஒரு சித்திரை மாசம் பெட்டியோடு திரும்பி வந்தாள். இனிப் போகமாட்டேன் என்றாள். சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

ஆமாம், உட்கார்ந்தாள். ஒரு சாண் மேலே நிற்கவில்லை, முழுசாகவே உட்கார்ந்துவிட்டாள். ஊரே ஓடி வந்தது. கண் பட்டுவிடும் என்று ஒருத்தி சூடம் சுற்றினாள், சாமி மலையேறிவிட்டது என்று பூசாரி பெருமைப்பட்டுக்கொண்டார். வீரமுத்து மட்டும் கிட்டே போகவில்லை. இதற்காகத்தான் அவன் வேண்டாத தெய்வமில்லை. இப்போதோ அவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காலை நீட்டி, கையை மடியில் போட்டு, தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்கிறவர்கள் உட்காருகிற மாதிரியே அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் காலையில், ஏழு வருஷத்துக்கு மேல் போகாத ஓடைக்குப் போனான். சுண்ணாம்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மகள் எதிரில் நின்றான்.

"இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்க?" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னால ஆவலப்பா."

"ஆவலன்னா மறுபடி எழுது. நான் அங்க போய்ட்டுதான் வரேன். எந்திரிம்மா, எந்திரி, உன் கால்ல வேணா வுழறேன்."

அப்பன் குனிவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு வெகு காலம் உட்காரவில்லை. காலேஜுக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலேயே இருந்த ருக்ஷானாவின் அறைக்குப் போனாள். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றபடி கணக்குப் போட்டார்கள். போன பேப்பரெல்லாம் திரும்பி வந்தது.

ஓடையில் பாலம் வந்த கதை பெரிய கதை, ஆபீஸ் ஆபீஸாக நடந்த கதை. நடப்பதில் அவளுக்குச் சிரமமில்லை என்பதால் நடந்தது. கான்ட்ராக்டரிடம் சைட் இஞ்சினீயராக அவளே வந்தாள். எவ்வளவு உயரம் என்று பேச்சு வந்தபோது பாறையில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி, அதற்கும் மேலே ஓர் ஆள் உயரம் என்றாள். முதல் ஐப்பசி வெள்ளம் பாலத்துக்கு அடியில் அடக்கமாகப் போனது. அன்றைக்குக் கைப்பிடிச் சுவரில் செவ்வந்தி உட்கார்ந்தாள். பக்கத்தில் வீரமுத்து உட்கார்ந்தான். கீழே மாரியாயியின் பாறை நனைந்துகொண்டிருந்தது. இருவரும் டீ குடித்தார்கள். பாதி டம்ளர் காலியாவதற்குள் பக்கத்து மேலூரைச் சேர்ந்த ஆதிமூலம் அந்தப் பக்கம் வந்து, "எங்க பக்கமும் ஒரு ஓடை கீதும்மா, போன வாரம் ஒரு கொழந்தைய..." என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை, அவள் எழுந்துவிட்டாள். வீரமுத்து மிச்ச டீயை வாங்கிக் குடித்துவிட்டு, செருப்பை எடுத்துக் கொடுத்தான்.

இப்போது கடுக்காய்மேட்டில் ஏழெட்டு வீடுகளில் சோற்றுத் தட்டு வைக்க நெஞ்சு உயரத்தில் பலகை அடித்திருக்கிறார்கள். பூசாரியை யாரும் கூப்பிடுவதில்லை. பிச்சைமுத்துவின் பேத்தி போன வருஷம் சாப்பிடும்போது பாதியில் எழுந்து நின்றாள். பிச்சைமுத்து குழம்புச் சட்டியைப் பலகைக்கு மாற்றி வைத்துவிட்டு, "எந்த காலேஜி?" என்று கேட்டான்.