இரண்டாவது கம்ப்யூட்டர்

தையல் கடைக்காரர்கள் எல்லாருக்கும் அவள் பேட்டர்ன் அக்கா. ஒரு சட்டையைக் கொடுத்தால் போதும், கை, கழுத்து, முதுகு என்று ஒவ்வொரு துண்டையும் கம்ப்யூட்டரில் வரைந்து, சின்னப் பிள்ளையிலிருந்து தொந்திக்காரர் வரை எல்லா அளவுக்கும் விரித்துத் தாளில் அடித்துக் கொடுத்துவிடுவாள். அதற்கான சாஃப்ட்வேரைக் கல்யாணமான புதிதில் ஒரே தடவையாகக் காசு கட்டி வாங்கிப் போட்டது. மாதாமாதம் அழ வேண்டியதில்லை, ஆயுசுக்கும் அவளுடையது. கணக்கு தொடங்கி அதைப் போட்டுக் கொடுத்தவர் அவள் வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார்கள். பிறகு அவருக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, டையும் பையுமாகப் போய்வர ஆரம்பித்தார்; கடைப்பக்கம் தலைகாட்டியதே இல்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையில் சில மாதங்களாக ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. எவனோ ஒருத்தன் புதிதாக முளைத்திருந்தான். கடை கிடையாது, போர்டு கிடையாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தையல்காரர்களின் கடைக்கே போய், அவள் வாங்குவதில் பாதிக்குச் செய்து கொடுக்கிறானாம். ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். வருஷக்கணக்காக அவளைத் தவிர வேறு யாரிடமும் போகாத சட்டைக் கடைக்காரர்கூடப் போய்விட்டார். தினமும் சாப்பிடும்போது அவள் அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்ப்பாள்.

"அவன் கை விளங்குமா? உருப்படுவானா அவன்?"

வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி, "விடும்மா, அவனுக்கு என்ன கஷ்டமோ" என்பார். இந்த மனுஷனுக்கு ஊரில் இருக்கிறவன்மேல் எல்லாம் இரக்கம் என்று அவளுக்கு அதற்கும் சேர்த்து எரியும்.

மிச்சமிருந்தது சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றுதான். பழைய கம்ப்யூட்டரோ ஒரு படத்தைத் திறப்பதற்குள் உயிரை வாங்கியது. வேலை சுணங்கினால் இதையும் அந்த ஆள் கொத்திக்கொண்டு போவான், அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் துணிந்து புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாள்.

சாஃப்ட்வேரை மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை விடுவித்துவிட்டுத்தான் புதியதில் போட வேண்டும். ஏதாவது தப்பாக அமுக்கி மொத்தமும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, அந்தப் பெண் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தாள். புதியதில் ஜம்மென்று திறந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"முடிஞ்சுது மேடம். உங்க லைசென்ஸை ரெண்டு கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம். ரெண்டுமே இப்ப நிரம்பியாச்சு" என்றாள் அந்தப் பெண்.

"ரெண்டா? என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதானேம்மா."

"இன்னொண்ணு ஒரு லேப்டாப், மேடம். போன வருஷக் கடைசில உங்க கணக்குலேர்ந்தே போட்டிருக்காங்க. இப்பகூட ஓடிட்டிருக்கு."

போன வருஷக் கடைசி. அந்த ஆள் முளைத்ததும் அப்போதுதான். எப்படியோ பாஸ்வேர்டைப் பிடித்து, அவள் பொருளைத் திருடி, அதை வைத்தே அவள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறான். 

"அதைத் தூக்க முடியுமா?"

"இப்பவே எடுத்துடலாம் மேடம். ஆனா அவங்க செஞ்சிட்டிருக்கற வேலை பாதில போயிடும். பரவாயில்லையா?"

"போகட்டும். நல்லாப் போகட்டும்."

போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். இத்தனை மாத வயிற்றெரிச்சலும் அடங்கியது போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சட்டைக் கடைக்காரர்.

"அக்கா, உங்ககிட்ட பேசவே கூச்சமா இருக்கு. ஆனா அவசரம். இங்க ஒருத்தர் பேட்டர்ன் போட்டுட்டிருந்தாரு, பாதில லைசென்ஸ் இல்லைன்னு சொல்லி நின்னுடுச்சு. காலைல துணி வெட்டியாகணும்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆள் அங்கதான் இருக்காரா? போனைக் குடுங்க அவர்கிட்ட."

"அதாங்க்கா, உங்களைக் கூப்பிட வேணாம், வேணாம்னு என் கையைப் பிடிக்கறாரு. பாவம், நல்ல மனுஷன்க்கா. ஆபீஸ்ல வேலை போயிடுச்சாம். வீட்டுல சொல்லாம, தினம் கிளம்பி வந்துட்டிருக்காரு. இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

அவள் காதில் அதெல்லாம் ஏறவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தயாராக இருந்தாள்.

"யோவ், யாருய்யா நீ? என் கணக்குல பூந்து, என் சோத்துலயே கை வெச்சிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

 தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"நான்தாம்மா."

அவள் வீட்டுக்காரர்தான். காலையில் அவளே தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு மீட்டிங், வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போன குரல். முதல் தேதி ஆனால் சம்பளம் என்று கொண்டுவந்து அவள் கையில் வைப்பார். "நல்லவேளை, உங்க சம்பளமாவது வருது" என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அவளிடமிருந்து கழன்றவர்கள் கொடுத்த காசுதான், பாதியாகக் குறைந்து, அவளிடமே வந்திருக்கிறது. எதிரே புத்தம் புதிதாக மின்னிய கம்ப்யூட்டரும் அதில் வாங்கியதுதான். தன் வாயாலேயே அவரை உருப்படாமல் போகச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றியிருக்கிறாள். கோபப்படுவதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. 

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?" சட்டைக் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "அவரை உங்களுக்குத் தெரியுமாக்கா? லேப்டாப்பைக்கூட எடுக்காம எழுந்து போறாரு. மூஞ்சியே சரியில்ல."

"போக விடாதீங்க" என்றாள்.   "அண்ணே, ஓடிப் போய் அவரைப் பிடிங்க. கையை விடாதீங்க. நான் இதோ வந்துட்டேன்."

கடையைப் பூட்டக்கூட நிற்காமல் தெருவில் இறங்கி ஓடினாள்.