ஏழாம் சதுரம்

விடுப்புப் படிவத்தில் 'காரணம்' என்று போட்டிருந்த இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. இருபது வருடமாக ஒரு மலையுச்சியில் குப்புறப் படுத்துச் செடி எண்ணியவளுக்கு அதைவிடச் சொந்தமான வேலை வேறு என்ன இருக்கிறது? எங்கள் ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஐந்து நாள். உச்சியில் பூ திறந்திருப்பதே மொத்தம் எட்டு நாள்தான், செடியை அடையாளம் பார்த்து எண்ண அதுதான் நேரம். அதில் மூன்று நாளை அவரோடு வாதாடியே தொலைத்திருந்தேன்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். மரங்கள் நின்றுபோகிற உயரத்துக்கு மேலே, வெறும் பாறையும் பொடிச்செடியுமாக இருக்கிற இடத்தில், மீட்டருக்கு மீட்டர் பன்னிரண்டு சதுரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலையிலும் எண் பொறித்த ஆணி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போய், நூல் கட்டிய சட்டத்தை அதன் மேல் வைத்து, நூறு கட்டங்களிலும் என்ன முளைத்திருக்கிறது, எத்தனை என்று எண்ண வேண்டும். உள்ளே கால் படக்கூடாது. அதனால் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் படுத்து, மூக்கு செடியில் உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்க்க வேண்டும். ஒருத்தர் சொல்ல ஒருத்தர் எழுத வேண்டும். உச்சிக் காற்றில் பாதிச் சொல் பறந்துவிடும் என்பதால், எழுதுகிறவர் கேட்டதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்ன பிறகே பென்சில் தாளைத் தொட வேண்டும். எனக்கு எழுதுவது என் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் கிளார்க். முதல் முறை வரவேண்டிய ஆள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். இவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று கூட்டிப் போனேன். அன்றைக்குப் பிடித்த பென்சிலை அவள் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

எதற்கு இந்த எண்ணிக்கை? கீழே வெயில் கூடக் கூட, கீழ்ச்சரிவுப் புல்லெல்லாம் வருடத்துக்குக் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. குளிரில் மட்டுமே பிழைக்கிற செடிகள் அதற்கு இடம் விட்டு இன்னும் மேலே போக வேண்டும். உச்சியில் இருக்கிற செடி எங்கே போகும்? அங்கே ஒரு செடி உண்டு, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் பொத்தான் என்போம். பன்னிரண்டு சதுரங்களில் ஏழாவதில் மட்டும்தான் அது இருந்தது. முதல் முறை நாற்பத்தொன்று. இரண்டாம் முறை முப்பத்து மூன்று. மூன்றாம் முறை ஆறு. நான்காம் முறை பத்தொன்பது.

இந்த ஆறு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போன குளிர்காலத்தில் பழைய தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பி உட்கார்ந்தபோது பிடிபட்டது. ஏழாம் சதுரத்தின் ஓரத்தில் ஐந்து கட்டத்தை அடைத்துக்கொண்டு ஒரு கல் உண்டு. மூன்றாம் எண்ணிக்கையில் மட்டும் அந்தக் கல் இல்லை. கல் எழுந்து உலாத்திவிட்டு வராது. அந்த வருடம் மண் உறைந்து வீங்கியதில் மூன்று ஆணிகள் கழன்று போயிருந்தன; அளவெடுக்கிறவர்கள் வந்து அதே இடத்தில் திரும்ப அடித்தது அடுத்த வருடம்தான். மிச்சமிருந்த ஒற்றை ஆணிக்கு வலப்பக்கம் வைக்க வேண்டிய சட்டத்தை, மூடுபனிக்குள் நான் இடப்பக்கம் வைத்திருக்கிறேன். ஒரு மீட்டர் தள்ளி, யாரும் கேட்காத ஒரு நிலத்தை மெனக்கெட்டு எண்ணியிருக்கிறேன். தப்பைச் செய்ததும் நான்தான், கண்டுபிடித்ததும் நான்தான். மறுநாளே இயக்குநரிடம் போய்ச் சொன்னதும் நான்தான்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கணினி முன்னால் உட்கார்ந்தே பெரிய ஆள் ஆனவர். இங்கே வந்து ஒன்றரை வருடத்தில் உச்சிக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. சட்டை மட்டும் எப்போதும் கத்திமாதிரி மடிப்போடு இருக்கும்.

"சொன்னது நல்லதாப் போச்சு. ஏழாவதையே எடுத்துடலாம்," என்றார். "மத்த பதினொண்ணுல இப்படி எத்தனை இருக்கோ, யாருக்குத் தெரியும்? இனிமே யாரும் மேலே போக வேண்டாம். ட்ரோன் படம் எடுக்கட்டும்."

"பொத்தான் படத்துல தெரியாது சார். புல்லுக்கு அடியில இருக்கும்."

"தெரியற செடிய எண்ணுவோம்."

தெரிகிற செடியை எண்ணுவோமாம். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்த வருடமும் ஜீப்பும் ஆளும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஒழுங்காக ஒப்புக்கொண்டதற்கு இருபது வருடத்தையும் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்? இந்த ஐந்தாவது எண்ணிக்கையை விட்டுவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோகும், பிறகு எந்த மகாராஜா வந்தாலும் அதை ஒட்ட வைக்க முடியாது. அவர் அனுப்பாவிட்டாலும் மேலே போவது என்று அந்தப் படிக்கட்டிலேயே முடிவு செய்துவிட்டேன். பூ திறந்ததும் மூன்று நாள் மறுபடி வாதாடிப் பார்த்தேன், அவர் மசியவில்லை.

நிலையத்துச் சட்டத்தை எடுத்தால் திருட்டு என்பார்கள். என் வீட்டுக்காரர் அலுமினிய ஜன்னல் செய்கிறவர். ஒரு மீட்டர் சட்டம், உள்ளே பத்து சென்டிமீட்டருக்கு ஒரு துளை, என்று கேட்டதும் என் முட்டியைப் பார்த்தார்.

"ஊசி போட்ட டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஏறாதேன்னாரு."

"அப்புறம்?"

"இறங்குறதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

சிரித்துவிட்டார். ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் செய்து கொடுத்தார். நூலை நானும் நாத்தனாரும் கட்டினோம்.

மரங்கள் முடிகிற இடத்தில் இருக்கிற தகரக் கொட்டகையில் தங்கிக்கொண்டு, காலையில் ஏறி மாலையில் இறங்கினோம். முட்டி முதல் நாளே வீங்கிவிட்டது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நாத்தனார் காதில் விழாதபடி டாக்டரையும் மலையையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு நடந்தேன். மூன்று நாளில் பதினொரு சதுரம் முடிந்தது. ஒவ்வொன்றிலும் சட்டத்தை வைப்பதற்கு முன் நான்கு ஆணியையும் அவள் ஒரு முறை, நான் ஒரு முறை படித்தோம், பழைய புகைப்படத்தையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். ஏழாவதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். வேறு காரணம் இல்லை, பயம்தான்.

நான்காம் நாள் மதியம், ஏழாம் சதுரத்தில் எழுபது கட்டம் தாண்டியும் ஒரு பொத்தான் கண்ணில் படவில்லை. புல் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது. அப்போது பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம். எங்களை அடிவாரத்தில் கொண்டுவிட்ட ஜீப்காரர் வாயில் எதுவும் தங்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இயக்குநர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உடனே கீழ இறங்குங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? யாரக் கேட்டு வந்தீங்க?"

நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் கட்டம் தவறிவிடும். நாத்தனார்தான் பேசினாள்.

"ஆரம்பிச்ச சதுரத்தப் பாதியில விடக்கூடாது சார். நீங்க நிக்கிற இடத்துல ஆணி இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். நான் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொல்லி எழுதினாள். எழுபத்தொன்பது, புல், பதினாலு. எண்பது, புல், ஒன்பது. நூறாவது கட்டம் முடிந்ததும் செடிவாரியாக மொத்தம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"பொத்தான், பூஜ்ஜியம்."

பதில் வரவில்லை. இருபது வருடத்தில் அவள் திருப்பிச் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தேன். பென்சிலை விரலுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இன்னொரு தடவை பாத்துடுங்க."

பார்த்தேன். நூறு கட்டத்தையும் முதலிலிருந்து பார்த்தேன். கல்லின் அடிவிளிம்பில் விரலை விட்டுத் தடவினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காற்றினால் என்று சொல்லப்போவதில்லை.

"பூஜ்ஜியம்," என்றேன்.

"மூணாவது தடவை மாதிரி வேற இடத்துல வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.

பலகையிலிருந்து எழுந்தேன். முட்டி மடங்க மறுத்தது. நாத்தனார் தோளைப் பிடித்து நின்றுகொண்டேன்.

"ஆணியப் பாருங்க சார். நாலையும் பாருங்க. கல்லையும் படத்தோட வெச்சுப் பாருங்க."

குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். மண்ணைத் துடைத்துவிட்டுப் படித்தார். புகைப்படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"இருந்தாலும் ஒரு செடி அடியோட இல்லன்னு எழுதறது பெரிய விஷயம். ஏற்கெனவே தப்பு பண்ணினவங்க சொன்னா யாரு நம்புவாங்க?" அவர் குரலில் இப்போது அதிகாரம் இல்லை. நிஜமாகவே அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற மாதிரி இருந்தது.

"தப்பு பண்ணினவதான் சார் சொல்றேன். மூணாவது எண்ணிக்கையில இடம் மாத்தி வெச்சது நான். அஞ்சாவதுல பூஜ்ஜியம்னு சொல்றதும் நான். ரெண்டையும் ஒரே தாள்ல எழுதி அடியில கையெழுத்துப் போடப் போறேன். என்னை வேலைய விட்டு அனுப்பணும்னா அனுப்புங்க. இந்தத் தாள அடிக்கணும்னாலும் அடிங்க. ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை இந்தப் பலகையில படுத்துப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்கன்னா உங்க எதிர்லயே இதக் கிழிச்சுப் போடுறேன்."

நிலையத்தில் யாரிடமும் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்தார். கால் இரண்டும் பலகைக்கு வெளியே நீண்டிருந்தன.

"எப்படி இருக்கும்?"

"சட்டைப் பொத்தான் அளவு. சாம்பல் பச்சை. புல்ல ரெண்டு விரலால விலக்குங்க, பிடுங்கிடாதீங்க."

முதல் கட்டத்தில் தொடங்கினார். அவசரப்படுவார், பத்துக் கட்டத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. ஒரு இடத்தில் விரல் நின்றது. கண்டுபிடித்துத் தொலையேன் மனுஷா, என்னைப் பொய்க்காரி ஆக்கு, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அது ஒரு கூழாங்கல். அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

கீழ்ச்சரிவிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் கல் மறைந்தது, பிறகு அவருடைய கால்கள். நாத்தனார் தாளின் மேல் உடம்பைக் கவிழ்த்து, ஈரம் படாமல் பிடித்துக்கொண்டு, பொத்தானுக்கு நேரே காலியாக இருந்த இடத்தில் பென்சில் முனையை வைத்தபடி காத்திருந்தாள். வெள்ளைக்குள் புல் மெதுவாக விலகுவதும், மூடிக்கொள்வதும், அடுத்த புல் விலகுவதும் மட்டும் தெரிந்தது.