மூன்றாம் இலக்க லைற்

அந்த நாலு மூவிங் ஹெட் லைற்றும் கொழும்பில் ஒரு ஹோட்டல்காரர் பாவித்துக் கழித்தவை. குலசிங்கமும் கலீலுர் றஹ்மானும் பங்குக்கு வாங்கி, ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பெட்டியைத் திறந்து காட்டித் திறந்து காட்டித் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சமாதான காலம் என்று பேர் இருந்த காலம் அது. ஊரில் கலியாணங்களும் இசைக் கச்சேரிகளும் மறுபடி தலையெடுத்திருந்தன. தலையைத் தானே திருப்பி, நிறம் மாற்றி, கீழும் மேலும் பாயும் லைற் கிழக்கில் வேறு ஆரிடமும் அப்போது இல்லை.

குலசிங்கம் திரியாயில் பிறந்தவன். தொண்ணூறில் ஊர் எரிந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். றஹ்மான் கிண்ணியாக்காரன். லைற்றின் வயிற்றுக்குள் இருக்கும் மோட்டாரும் பெல்ற்றும் குலசிங்கத்தின் பொறுப்பு. கட்டுப்பாட்டு டெஸ்கில் எந்தத் தடியைத் தள்ளினால் எந்த லைற் எங்கே திரும்பும் என்று பதிந்து வைப்பது றஹ்மானின் வேலை. கச்சேரி தொடங்கிவிட்டால் இரண்டு பேரும் மாறி மாறி டெஸ்கில் நிற்பார்கள்.

2005 புரட்டாதியில் வர்த்தகர்கள் சிலர் சேர்ந்து உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மைதானத்தில் இசை நிகழ்ச்சி வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் தென்னை நாலைந்து, அதற்குப் பின்னால் கடல். காலமை பக்கத்துக் கடற்படை முகாமிலிருந்து ஒரு அதிகாரி வந்து சுற்றிப் பார்த்தார்.

"ஒரு வெளிச்சமும் தண்ணிப் பக்கம் போகக் கூடாது. போனால் இயக்கத்துக்குச் சிக்னல் என்றுதான் எடுப்பம்," என்றார் சிங்களத்தில். றஹ்மான் தலையாட்டி அதே பாஷையில் வாக்குக் கொடுத்தான்.

அன்று முழுக்க அவன் வெயிலில் இருந்து ஒவ்வொரு லைற்றின் திருப்பத்தையும் டெஸ்கில் வெட்டிக் குறுக்கினான். தடியை எவ்வளவு தள்ளினாலும் லைற் மேடையைத் தாண்டித் திரும்பாது.

"ஆனா மச்சான், ரீசெற் மட்டும் அடிச்சுப் போடாத," என்றான். "ரீசெற் அடிச்சா அது எங்கட கணக்கைப் பாராது. சுத்திற மட்டும் சுத்திப்போட்டுத்தான் நிக்கும்."

"அந்த நேரம் ஷட்டர் மூடி வெளிச்சம் வராதுதானே?"

"மூடும். எண்டாலும் அடிக்காத. ஏதும் இறுகினா கரண்டைப் பிடுங்கு."

பின்னேரம் மூன்று மணிக்கு றஹ்மான் தொழப் போன நேரம் குலசிங்கம் லைற்றுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். மூன்றாம் இலக்க லைற்றின் ஷட்டர் ஒருமுறை மூடவில்லை. மறுமுறை மூடியது. அதற்கடுத்த முறை பாதியில் நின்றது. உள்ளே தகடு கழன்றிருக்க வேண்டும். கழற்றிப் பூட்ட நாலு மணித்தியாலம் போகும். ஆறரைக்கு நிகழ்ச்சி. போன கிழமை அதைத் துப்பரவாக்கிப் பூட்டியவன் அவன்தான். சொன்னால் றஹ்மான் அந்த லைற்றை இறக்கச் சொல்லுவான், நாலு லைற் தருகிறோம் என்று கதைத்த இடத்தில் மூன்றோடு நிற்க வேண்டி வரும். ஒரு இரவுதானே, இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தான். றஹ்மான் திரும்பி வந்து, "எல்லாம் சரியா?" என்று கேட்டபோது, "ஓம்," என்றான்.

எட்டு மணியிருக்கும். றஹ்மான் ஜெனரேற்றருக்கு எண்ணெய் விடப் போயிருந்தான். டெஸ்கில் குலசிங்கம். மூன்றாம் இலக்க லைற் திடீரென்று இறுகி, முன்வரிசையில் இருந்த பிரதம விருந்தினரின் முகத்திலேயே வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டு நின்றது. அந்த மனிதர் கையால் கண்ணை மறைத்தார். ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடிவந்து குலசிங்கத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். கரண்டுப் பலகை மேடைக்கு அந்தப் பக்கம். குலசிங்கத்தின் விரல் ரீசெற் பொத்தானில் போய் விழுந்தது.

லைற் தலையை நிமிர்த்தியது. ஷட்டர் மூடவில்லை. வெளிச்சம் தென்னைகளுக்கு மேலால் ஏறி, கடலில் விழுந்து, துறைமுகத்தின் மறுகரை வரை ஒரு வீச்சு வீசிவிட்டுத் திரும்பி வந்தது. ஆறேழு விநாடிதான். அக்கரை முகாமில் அபாயச் சங்கு ஊதியது. பாட்டு நின்றது. சனம் கதிரைகளைத் தள்ளி விழுத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியது.

பத்து நிமிடத்துக்குள் மைதானம் சீருடைகளால் நிறைந்துவிட்டது. "டெஸ்கில் நின்றது ஆர்?" என்று கேட்டார்கள். குலசிங்கத்தின் சட்டைப்பையில் அடையாள அட்டை இருந்தது. பிறந்த இடம் திரியாய் என்று அதில் எழுதியிருந்தது; அந்த ஊர்ப் பேரே அவனை இயக்கம் என்று பிடிக்கப் போதும். அவன் கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான்.

"நான்தான்," என்று பின்னாலிருந்து றஹ்மான் சொன்னான். எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான். "மெஷின் பழுது ஐயா. வேறொண்டுமில்லை."

அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏறும்போது அவன் குலசிங்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பதினொரு நாளும் குலசிங்கம் காலமை எழும்பி, இண்டைக்குப் போய் உண்மையைச் சொல்லுவன் என்று முகம் கழுவி, உடுப்பு மாற்றி, முகாம் வீதி வளைவு வரை சைக்கிளில் போய்த் திரும்பி வந்தான். ஒருநாள் காவலுக்கு நின்ற சென்றிக்காரன் கண்டு, என்ன வேணும் என்று கேட்டான். "ஒண்டுமில்லை," என்றான்.

றஹ்மான் வெளியே வந்த செய்தி கேட்டு நாலு நாளுக்குப் பிறகுதான் ஃபெரி ஏறிக் கிண்ணியாவுக்குப் போக அவனுக்கு மனம் வந்தது. றஹ்மானின் பெண்சாதி அசனா கதவடியில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அவர் படுத்திருக்கார் அண்ணன்."

"தங்கச்சி, அண்டைக்கு டெஸ்கில நிண்டது நான்."

"தெரியும்," என்றாள் அசனா. "வந்த அண்டே சொன்னார். உங்களைக் கொண்டு போயிருந்தா நீங்க திரும்பி வந்திருக்க மாட்டீங்க எண்டார். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு மூணு புள்ளை இருக்கு. அது அவருக்கு அப்ப நினைவு வரேல்லையா எண்டுதான் கேட்டன்."

உள்ளேயிருந்து, "வரச் சொல்லு," என்று குரல் வந்தது.

றஹ்மான் சுவரோடு சாய்ந்து இருந்தான். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் வீங்கி, மடங்காமல் கிடந்தன. குலசிங்கம் நிலத்தில் இருந்தான்.

"மூண்டாம் இலக்கத்தின்ர ஷட்டர் ஏன் மூடேல்லை?" என்று றஹ்மான் கேட்டான்.

"தகடு கழண்டிருந்தது."

"எப்ப கண்டனி?"

பொய் சொல்லியிருக்கலாம். குலசிங்கம் சொல்லவில்லை. "பின்னேரம். நீ தொழப் போன நேரம்."

கடைசிப் பிள்ளை வந்து மடியில் ஏறப் பார்த்தது. றஹ்மான் இடக்கையால் மெல்லத் தள்ளிவிட்டான்.

"ரீசெற் அடிச்சதை நான் பிழை எண்டு சொல்லமாட்டன். பதட்டத்தில ஆரும் அடிப்பாங்கள். உனக்காக நான் போனது நீ கேட்டில்லை, நானாப் போனது. ஆனா நான் எல்லாம் சரியா எண்டு கேட்டன், நீ ஓம் எண்டனி. பதினொரு நாளும் அவங்கள் கேட்கக் கேட்க, பழுதை நான் பார்க்காமல் விட்டுட்டன் எண்டுதான் நானும் நம்பினனான். போ மச்சான். இனி உன்னோட வேலை செய்ய எனக்கு ஏலாது."

பிறகு றஹ்மான் தன் பெண்சாதியின் தமையனுடைய பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றான். லைற்றுகளை மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவர் விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். குலசிங்கம் கலியாண வீடுகளுக்கு மின்குமிழ்ச் சரம் கட்டப் போனான். ஃபெரியில் கண்டால் இரண்டு பேரும் நின்று கதைப்பார்கள்: பிள்ளைகள், மழை, எந்த வீதி பூட்டிக் கிடக்கிறது. மறுகரை வந்ததும் றஹ்மான் முதலில் இறங்கிப் போய்விடுவான். அடுத்த ஆண்டு சண்டை மூண்டு, கிண்ணியாப் பக்கமிருந்து சனம் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்து நகரத்துக்கு வந்தது. அகதி முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடங்களில் குலசிங்கம் ஒவ்வொன்றாகப் போய் றஹ்மானின் பேரைச் சொல்லி விசாரித்தான். நாலாவது பள்ளிக்கூடத்து வாசலில் தண்ணீர் வாளியோடு அசனா எதிர்ப்பட்டாள். அவன் வாளியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. "அவர் உள்ளுக்கு இருக்கார்," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.