உறையில் எழுதிய துப்பாக்கி

ஜெய்னுலாப்தீன் கடைக்குச் சின்னப்பன் தரவேண்டிய பாக்கி அறுபத்து மூன்று ரூபாய் நாற்பது பைசா. அத்தனையும் அரிசி வாங்கிய கடன். ரெண்டு ஏக்கர் நெல் போட்டவன் அரிசியைக் கடனுக்கு வாங்கித் தின்றதற்குக் காரணம் மழை இல்லை, புயலும் இல்லை. ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை ரோட்டில் எப்படிக் கொண்டுபோவது என்கிற கேள்விதான்.

வண்டூர்ப் பக்கம் குடியேறியவர்களுக்குப் பயிர் காக்கத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். பால் பிடித்த கதிரில் மான் கூட்டம் இறங்கினால் வைக்கோல்தான் மிஞ்சும். ஒரு வேட்டுப் போட்டால் நாலு நாளைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆனால் வருஷா வருஷம் நவம்பர் முடிவதற்குள் துப்பாக்கியை போர்ட் பிளேர் கொண்டுபோய் ஆபீசில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வாங்காவிட்டால் துப்பாக்கி பறிபோகும். நெல் பால் பிடிப்பதும் அதே நவம்பரில்தான். அந்தச் சட்டத்தை எழுதியவர் சோற்றைப் பார்த்திருப்பார், நெல்லைப் பார்த்திருக்க மாட்டார்.

போகிற வழியில் ரெண்டு தடுப்புக் கம்பம். முதல் கம்பத்தில் ஒரு மீசைக்காரர். வண்டியில் போகும் துப்பாக்கி கண்ணுக்குத் தெரிய வேண்டும், மறைத்தால் திருட்டு வேட்டை என்பது அவர் சட்டம். நாலு மைல் தள்ளி ரெண்டாவது கம்பத்தில் ஒரு கண்ணாடிக்காரர். துப்பாக்கி கண்ணுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் பொதுஜனத்தை மிரட்டுவது என்பது இவர் சட்டம். போன வருஷம் மீசைக்காரர் சொன்னபடி திறந்து கொண்டுபோனான். கண்ணாடிக்காரர் பிடுங்கி ஒன்பது நாள் வைத்துக்கொண்டார். அந்த ஒன்பது நாளில் மான் ஒன்றரை ஏக்கரைத் தின்றது. மிச்ச வருஷத்துக்கு அரிசி ஜெய்னுலாப்தீன் கடையிலிருந்து வந்தது.

இந்த வருஷம் புத்திசாலித்தனமாக மனைவி செலினிடம் தார்ப்பாய்த் துண்டில் ஒரு உறை தைக்கச் சொன்னான். தைத்து முடித்ததும் அதன்மேல் கரிப்பெயின்டால் 'துப்பாக்கி' என்று எழுதினான். நாற்பத்தொரு வயதில் கோயில் சாமியாரிடம் எழுத்துப் படித்தவன். படித்த நாளிலிருந்து வீட்டில் எழுதாத சாமான் கிடையாது. பானையில் 'அரிசி', விளக்கில் 'லாந்தர்', கூட்டில் 'கோழி'.

"என் நெத்தியிலயும் செலின்னு எழுதிவிட்டிருங்க," என்றாள் அவள். "மறந்து வேற வீட்டுக்குப் போயிரப் போறேன்."

ஜெய்னுலாப்தீன் பாயின் லாரியில் மீன் கூடைகளுக்கு நடுவே உறையோடு துப்பாக்கி ஏறியது. சின்னப்பன் அந்த லாரியில் மூட்டை தூக்குகிறவன். முதல் கம்பத்திலேயே மீசைக்காரர் நிறுத்திவிட்டார். மூடிக் கொண்டுபோவது குற்றம் என்றார். அடுத்த கம்பத்தில் திறந்து போவதுதான் குற்றம் என்று சின்னப்பன் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தான். அங்கே உள்ளவனுக்குச் சட்டம் தெரியாது என்றார். சேதி கேட்டுக் கண்ணாடிக்காரர் சைக்கிளில் வந்து, இங்கே உள்ளவனுக்குத்தான் தெரியாது என்றார். ரெண்டு பேரும் சட்டம் பேசி முடிவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பனிக்கட்டி உருகி லாரியிலிருந்து ஒழுகியது.

"சின்னப்பு," என்றார் முன் சீட்டிலிருந்து ஜெய்னுலாப்தீன், "உன் துப்பாக்கி இன்னி வரைக்கும் ஒரு மானைச் சுட்டதில்ல. என் மீனை மொத்தமாச் சுட்டுருச்சு."

மூன்று மணிக்கு மேலதிகாரி ஜீப்பில் வந்தார். இறங்கும்போதே கைக்குட்டை மூக்கில் இருந்தது. உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டார்.

"பந்தூக், சாப்," என்றான் சின்னப்பன். துப்பாக்கி என்பதற்கு அவனுக்குத் தெரிந்த இந்தி அதுதான்.

அதிகாரி உறையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். உடனே ஞானம் பிறந்தது. உறைக்குள் இருப்பதால் மூடியது, எழுதியிருப்பதால் தெரிவது. மூன்று பாஷையில் எழுதி, லைசென்ஸ் நம்பரையும் போட்டு வண்டிக்கு வெளியே கட்டினால் ரெண்டு கம்பத்துக்கும் ஒத்துவரும் என்று அங்கேயே உத்தரவு எழுதினார். இப்போதைக்கு வீட்டுக்குப் போ, எழுதிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சட்டத்தால் முடியாததை மீன் நாற்றம் முடித்து வைத்தது.

இந்தியையும் இங்கிலீஷையும் சாமியார் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துச் சின்னப்பன் எழுதினான். ஆனால் கிளம்ப வேண்டிய காலையில் வரப்பில் குளம்புத் தடம் கிடந்தது. ஈரம் காயாத தடம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனால் திரும்புவதற்குள் கதிர் இருக்காது. போகாவிட்டால் துப்பாக்கி இருக்காது. உறையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"துப்பாக்கி இங்கயே கெடக்கட்டும்," என்றாள் செலின். "நான் வேட்டுப் போட்டுக்கிறேன்."

"லைசென்ஸ் என் பேர்லல்லா இருக்கு?"

"மானுக்குப் படிக்கத் தெரியுமா?"

கொல்லையில் கிடந்த மூங்கிலை அளவாக வெட்டி உறைக்குள் சொருகி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

லாரியின் பக்கப் பலகையில் உறை தொங்கியது. மீசைக்காரர் இந்தி வரியைப் படித்துக் கம்பத்தைத் தூக்கினார். கண்ணாடிக்காரர் இங்கிலீஷ் வரியைப் படித்துத் தூக்கினார். ஆபீசில் குமாஸ்தா மட்டும் முடிச்சில் கை வைத்தார். சின்னப்பன் மனசுக்குள் அந்தோனியாரைக் கூப்பிட்டான். குமாஸ்தா முடிச்சை ஒரு பக்கம் ஒதுக்கினார். அதற்கு அடியில் நம்பரின் கடைசி இலக்கம் மறைந்திருந்தது. அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். துப்பாக்கி நல்லபடியாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரியும் சேர்த்தார்.

அன்று வயலில் செலின் ரெண்டு வேட்டுப் போட்டிருந்தாள். நெல் நின்றது.

பக்கத்து வீட்டு செபஸ்தியான் முதலில் உறை கேட்டு வந்தான். பிறகு புரோத்ராபூர் வரைக்கும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். தார்ப்பாய் பாய் கடையது, தையல் செலினுடையது, எழுத்து சின்னப்பனுடையது. ஒரு உறைக்கு ரெண்டு ரூபாய் கடனில் கழிப்பதென்று பேச்சு. இங்கிலீஷில் மூன்றே எழுத்துதானே, அதற்குக் குறைத்துக்கொள் என்று பாய் பேரம் பேசிப் பார்த்தார். சின்னப்பன் மசியவில்லை. உள்ளே என்ன வைக்கப்போகிறாய் என்று யாரிடமும் அவன் கேட்கவில்லை. அந்த வருஷம் அங்கே மூங்கில் கொஞ்சம் குறைந்தது.

முப்பத்தொரு உறை முடிந்தபோது அறுபத்திரண்டு ரூபாய் கழிந்திருந்தது. ஒரு ரூபாய் நாற்பது பைசா நின்றது. அதற்கு ஜெய்னுலாப்தீன் தனக்கே ஒரு உறை கேட்டார்.

"உங்ககிட்ட ஏது பாய் துப்பாக்கி?"

"நான் துப்பாக்கியா கேட்டேன்? உறை கேட்டேன். அது தொங்குற வண்டிக்குக் கம்பம் தானாத் தூக்குது, சின்னப்பு. என் மீன் இனிமே அழுகாது."

சின்னப்பன் துணியை விரித்து மூன்று பாஷையிலும் எழுதினான். நம்பர் போடும் இடம் வந்ததும் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

பாய் கணக்கு நோட்டைத் திறந்து அவன் கடன் எழுதிய பக்கத்தை எடுத்தார். "ஆறு, மூணு, நாலு, சைபர்னு போடு," என்றார். அவன் அதை உறையில் எழுத எழுத, அவர் நோட்டில் அதே எண்ணைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.