நீர்நாய் அம்மாவின் மூச்சு

முதல் கார்ட்டூன் படம் எடுத்தபோது ஸ்டுடியோ என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரே ஓர் அறை. தெருவில் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் உள்ளே நீர்நாய் அம்மாவின் வசனம் பாழாகும். சுவர் நெடுக பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தி வேலை பார்த்தார்கள். நீர்நாய் அம்மாவாகப் பேசியவள் சிறுமி வாலுவின் அம்மா. அதைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டியவள் அவளுடைய தங்கை, வாலுவுக்குச் சித்தி. ஓர் அம்மா, ஒரு குட்டி, ஓர் ஆறு, அவ்வளவுதான் கதை. வரைகிறவர்களுக்குக் கை ஓய்ந்துபோனதில் பாதிப் படத்தில் மீன்கள் அசையவே அசையாது. அப்படியும் குழந்தைகள் அந்தப் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பாகத்துக்கு வாழ்வு வந்துவிட்டது. மூன்று மாடி, நாற்பது பேர், நீர்நாயின் ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் ஆடும். குட்டிக்குத் திடீரென்று ஒரு மாமா முளைத்தார். மாமாவுக்கு ஒரு கப்பல், கப்பலைத் துரத்த மூன்று வில்லன்கள். முதல் படத்தில் ஆற்றைக் கடக்கவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட அம்மாவும் குட்டியும் இதில் கடலையே காப்பாற்றியாக வேண்டுமாம். இருந்தது போதாது என்ற பயம் இரண்டாம் பாகம் எடுக்கிறவர்களுக்கு எங்கிருந்துதான் வருமோ தெரியவில்லை.

சித்தியின் பயம் வேறு. அக்கா இறந்துபோய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாலுவின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில் இருப்பார். அதனால் வாலு சித்தியோடுதான் இருந்தாள். ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு முதல் படத்தைப் போட்டுவிடுவாள். நீர்நாய் அம்மா பேசப் பேச இவள் வாயும் சத்தமில்லாமல் அசையும். படம் முடிந்தால்தான் சாப்பாடு, வீட்டுப்பாடம் எல்லாம். இனி அதே நீர்நாய் வேறு யாரோ ஒருத்தியின் குரலில் பேசப்போகிறது. இந்தப் பிள்ளையிடம் மிச்சமிருக்கும் அம்மாவையும் நானே கைவைத்துப் பிடுங்கப்போகிறேனா என்பதுதான் அந்தப் பயம்.

ஆகவே அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள்.

எந்தக் குரல் பதிவு முடிந்தாலும் கடைசியில் மூச்சுச் சத்தங்களை மட்டும் தனியாகப் பிடித்து வைப்பது அவர்கள் வழக்கம். சிரிப்பு, விசும்பல், ஓடி வந்த இளைப்பு, பெருமூச்சு, திடுக்கிட்டு இழுப்பது. வசனத்துக்கு நடுவே எங்காவது வெறிச்சென்று இருந்தால் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். முதல் படத்தின்போது அக்கா எல்லாவற்றையும் கொடுத்தாள். கொட்டாவி மட்டும் பாக்கி.

"அதை ரெண்டாம் பாகத்துக்கு வெச்சுக்கலாம்டி. இப்ப விட்டேன்னா இந்தப் போர்வையை எடுத்துப் போத்திக்கிட்டு இங்கயே படுத்துருவேன்" என்றாள்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவின் கொட்டாவி வீட்டில் பிரசித்தம். முடியும்போது எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வரும். வாலுவைத் தூங்க வைக்கப் போவாள், கீச்சென்று ஒரு கொட்டாவி விடுவாள், வாலுவுக்கு முந்தி அவள் தூங்கிவிடுவாள்.

அந்தப் பழைய மூச்சுகளைத்தான் சித்தி இப்போது தோண்டி எடுத்தாள். புதிதாகப் பேச வந்த பெண்ணின் மூச்சுகளை வெட்டிப்போட்டுவிட்டு, அந்த இடங்களில் அக்காவின் மூச்சை வைத்தாள். மொத்தம் அறுபத்து நான்கு இடம். வார்த்தை இவளுடையது, மூச்சு அவளுடையது. வாலுவுக்கு அம்மா கொஞ்சமாவது இருப்பாள் என்று சித்தி தன்னைத் தேற்றிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அது அவளுக்கும் தேவைப்பட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் காதோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

புதுக்குரல் பெண் ஒருநாள் தன் காட்சிகளைக் கேட்டுப் பார்த்தாள். கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா நான் பேசறப்ப எனக்குப் பின்னால யாரோ நிக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

"புது மைக் அப்படித்தான்மா" என்று சித்தி வாய் கூசாமல் புளுகினாள்.

படம் முக்கால்வாசி ஆனதும் டைரக்டர், "நம்ம வீட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க, போட்டுக் காட்டுவோம். பெரியவங்க பொய் சொல்லுவாங்க, பிள்ளைங்க சொல்லாது" என்றார்.

சனிக்கிழமை காலை எட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மாமாவின் கப்பல் வந்ததும் ஏழு பேர் ஆரவாரம் செய்தார்கள். வாலு மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போனாள். திரைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்தாள். சித்தி ஓடிப்போய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"என்னடா குட்டி?"

"அம்மா உள்ள இருக்காங்க சித்தி."

சித்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்டுபிடித்துவிட்டாளே என்று ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது.

"பேசறதுக்கு மூச்சு இழுக்கறாங்க. இழுத்ததும் வேற யாரோ பேசிடறாங்க. திரும்ப இழுக்கறாங்க, திரும்ப அவங்களே பேசறாங்க." வாலு ஸ்பீக்கரிலிருந்து கையை எடுக்கவில்லை. "யாரு சித்தி அம்மா வாயைப் பொத்தறது?"

சித்தி வாலுவின் கையை ஸ்பீக்கரிலிருந்து மெல்ல எடுத்தாள். அறுபத்து நான்கு தடவை தன் கையால் அக்காவின் வாயைப் பொத்தியிருக்கிறாள்.

அன்று மதியமே வேலையில் உட்கார்ந்தாள். மூச்சு வைத்த இடங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு மூச்சாக எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் மூச்சையே திரும்ப வைத்தாள். இருபதாவது பெருமூச்சு, முப்பத்தொன்றாவது விசும்பல். எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை கேட்டு அழுதாள். அக்கா சாகக் கிடந்த ஆஸ்பத்திரியில்கூட அவள் இப்படி அழவில்லை, அங்கே கையெழுத்துப் போடவும் மருந்து வாங்கவும் ஆள் வேண்டியிருந்தது. அறுபத்து நான்கையும் எடுத்து முடித்து, பட்டியலோடு இரண்டு தடவை சரிபார்த்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

வீட்டுக்குப் போனதும் வாலுவை மடியில் இழுத்து உட்கார வைத்தாள்.

"வாயைப் பொத்தினது நான்தான்டா. அம்மா உனக்கு வேணுமேன்னு பண்ணிட்டேன். இப்ப எடுத்துட்டேன்."

வாலு சித்தியின் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "அப்ப அம்மா எங்க போவாங்க?" என்று கேட்டாள்.

சித்திக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

படம் வெளியாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்காக ஒரு தியேட்டரில் காலைக் காட்சி. சித்தியும் வாலுவும் பக்கத்துப் பக்கத்தில். கப்பல் வந்தது, வில்லன்கள் வந்தார்கள், மாமா அளவுக்கு மீறி ஜோக் அடித்தார். புதுக்குரல் பெண் இப்போது தன் மூச்சிலேயே பேசினாள், நன்றாகவும் பேசினாள். வாலு பொரியைக் கொறித்துக்கொண்டே, "இது வேற அம்மா. பரவாயில்ல, இவங்களும் நல்லவங்கதான்" என்றாள். பழையதை விடக் கொஞ்சம் கம்மி என்றும் சேர்த்துக்கொண்டாள். மூன்றாவது வில்லன் வழுக்கி விழுந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. சித்தியின் தோளிலிருந்து ஏதோ இறங்கியது.

கடைசிக் காட்சி முதல் படத்தில் இருந்த அதே காட்சிதான். நீர்நாய் அம்மா தண்ணீரில் மல்லாந்து படுக்க, குட்டி அவள் வயிற்றின் மேல் ஏறிக்கொள்ளும். வசனம் கிடையாது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் அங்கே சித்தி போட்டிருந்தாள். ஒவ்வொரு நொடியும் அவளுக்கு மனப்பாடம்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே யாரோ நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்கள். முடிவில் கீச்சென்றது.

சித்தி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின் வரிசையில் இருந்த டைரக்டரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் சாதாரணமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக்குரல் பெண் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அந்தக் கொட்டாவியை யாரும் பதிவு செய்யவில்லை. இரண்டாம் பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னதோடு சரி.

வாலு மெதுவாகச் சித்தியின் தோளில் சாய்ந்தாள். அவள் பயப்படவே இல்லை.

"கேட்டியா சித்தி? அம்மாக்குத் தூக்கம் வந்துடுச்சு" என்றாள் ரகசியமாக. "எழுப்பிடாதே."

விளக்குகள் எரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். சித்தி மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.