அரைக்கட்டை மேலே

"எல்லாருக்கும் வணக்கம், நம்ம குடும்ப வாட்ஸ்அப் குழுவுல புதுசா சேர்ந்த சொந்தக்காரங்களுக்காகச் சொல்றேன், என்னை வீட்ல பொடியன்னு கூப்பிடுவாங்க, வயசு இருபத்து மூணு, இப்ப மாமாவைக் கொண்டுவந்திருக்கிற தகன மண்டபத்துப் பின்வாசல்ல நிக்கறேன், கையில நாற்காலி இருக்கு."

இரண்டு அக்குளிலும் மடக்கு நாற்காலிகளை இடுக்கிக்கொண்டு, கழுத்தில் தொங்கிய போனைப் பார்த்துப் பேசினான் பொடியன். பேசப் பேச அது எழுத்தாகி, கடல் தாண்டி, அம்மாவின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. குரலாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் எழுத்தில் நடுக்கம் தெரியாது.

அம்மா மாமாவின் அக்கா. விசா வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அவனுக்கு அங்க யாருடா இருக்கா, அத்தையையும் உன்னையும் விட்டா?"  நிறைய பேர் வருவார்கள் என்று மட்டும் அனுப்பிவைத்தான். அனுப்பிய பிறகுதான், யார் வருவார்கள் என்று தனக்கே தெரியாது என்பது உறைத்தது.

மண்டபம் முக்கால் மணி நேரத்துக்குத்தான் அவர்களுடையது. அடுத்த குடும்பத்தின் வண்டி இப்போதே வெளியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே, திரைக்கு முன்னால், உருளை வைத்த மேசைமேல் பெட்டிக்குள் மாமா படுத்திருந்தார். அத்தை அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முப்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மேலே பார்த்தபடியே நடப்பார். அவர் இப்படி அசையாமல் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பது வேலை நேரத்தில் படுத்திருப்பது போலவே இருந்தது.

முதல் வரிசையில், மற்ற நாற்காலிகளை விட்டுத் தள்ளி, கம்பி உட்கார்ந்திருந்தார். ஆளும் கம்பி மாதிரிதான், வாசித்ததும் கம்பிதான். அதனால் அந்தப் பெயரை யாரும் மாற்ற நினைக்கவில்லை. மாமாவும் கம்பியும் இன்னொருவரும் வாலிப வயதில் ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். மாமா டிரம் அடித்துக்கொண்டே பாடுவார், இவர் கிடார், இன்னொருவர் பேஸ் கிடார். மாடி வீட்டில் ஒத்திகை பார்ப்பார்கள். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து திட்டிவிட்டுப் போவார். அவர் அளவுக்குத் தவறாமல் தங்கள் பாட்டைக் கேட்டவர் வேறு யாரும் இல்லை என்று குழுவுக்கே 'கீழ்வீட்டுக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு கேசட் போட்டார்கள். அதில் கொஞ்சம் பேசப்பட்டது 'கடைசி பஸ் போகட்டும்' என்ற பாட்டு. பிறகு கல்யாணம், வேலை, முதுகுவலி. பேஸ் வாசித்தவர் முன்பே காலமாகிவிட்டார்.

மாமா கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது அத்தையிடம் கேட்டது, திரை மூடும் முன் கம்பி அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும் என்பதுதான். அதில் சிக்கல், மாமாவுக்கும் கம்பிக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சண்டை அந்தப் பாட்டைப் பற்றியதுதான். மாமா தன்னிடம் இருந்த கேசட்டைத் தானே இணையத்தில் ஏற்றினார். அவருடைய பழைய டேப் ரெக்கார்டரில் மோட்டார் செத்துப்போயிருந்தது. லிஃப்டுக்கே மோட்டார் மாட்டுகிறவன் இதற்குக் கடைக்குப் போவேனா என்று வேறு எதிலிருந்தோ ஒரு மோட்டாரைக் கழற்றிப் பொருத்திவிட்டார். அது கொஞ்சம் வேகமாகச் சுற்றியது. பாட்டு விறுவிறுவென்று ஓடியது, சுருதி அரைக்கட்டை ஏறிவிட்டது, மாமாவின் கனத்த குரல் பதினெட்டு வயதுப் பையன் குரலாகிவிட்டது. மாமாவுக்கு அது தெரியவே இல்லை. கம்பிக்கு முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. எலி பாடுகிற மாதிரி இருக்கிறது, எடுத்துவிட்டுச் சரியாக ஏற்று என்றார். அதற்குள் யாரோ ஒருவர் அந்தப் பாட்டின் ஒரு துண்டை வெட்டி, பூனை அலமாரியில் இருந்து குதிக்கிற வீடியோவுக்குப் பின்னால் ஓட்ட, அது எங்கெங்கோ பரவிவிட்டது. மாமா எடுக்க மாட்டேன் என்றார். அத்தோடு பேச்சு நின்றது.

பொடியன் நாற்காலிகளை விரித்துப் போட்டபடியே கம்பியிடம் போய், கிடார் கொண்டுவந்தீர்களா என்று மெல்லக் கேட்டான்.

"வண்டி டிக்கியில இருக்கு. அங்கயே இருக்கட்டும்" என்றார் அவர். "யாருக்கு வாசிக்கச் சொல்ற? நாற்காலிக்கா?"

இணையத்தில் அந்தப் பாட்டு இருக்கும் பக்கத்தில் மாமாவின் சாவுத் தகவலை நேற்றே போட்டுவிட்டதாகவும், கேட்கிறவர்கள் வரக்கூடும் என்றும் சொன்னான். 

"தம்பி, அவங்க பாட்டு கேக்கல. பூனை பாக்கறாங்க. பின்னாடி எங்க பாட்டு ஓடுது, அவ்வளவுதான். பூனைக்காக யாராவது லீவு போட்டுட்டு எழவுக்கு வருவாங்களா?"

பொடியன் இன்னொரு நாற்காலியை விரித்துப் போட்டான். அவனுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. ஹோட்டல் துணிகளைத் துவைக்கும் இடத்தில் அவனோடு வேலை செய்கிறவர்கள் அந்தப் பாட்டை முணுமுணுத்ததை அவன் கேட்டிருக்கிறான். அது என் மாமா என்று சொன்னபோது, அப்படியா, அவர் இன்னும் இருக்காரா என்று கேட்டுவிட்டு விரிப்பு மடிக்கப் போய்விட்டார்கள்.

 மண்டபப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்து, ஆரம்பிக்கலாமா என்று கண்ணால் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்று பொடியன் கையால் காட்டினான்.

முதலில் வந்தது ஒரு பெண். ரொட்டிக் கடைச் சீருடை, முழங்கையில் மாவு. வாசலிலேயே நின்று, இதுதானா என்று கேட்டாள். எது என்று அவன் கேட்க, அவள் பதிலுக்குப் பாட்டின் முதல் வரியை மெதுவாக முனகிக் காட்டினாள். பொடியன் முதல் வரிசையில், கம்பிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டான். அவளை உட்காரவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சாப்பாடு கொண்டுபோகிற இருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார்கள். பின்னாலேயே ஆஸ்பத்திரி உடுப்போடு ஒருவன், பள்ளிப் பையோடு நான்கைந்து பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. பஸ் ஒன்று வந்து நின்று எதிர்ச்சாரியில் ஒரு கும்பலை இறக்கிவிட்டுப் போனது. சாலையைக் கடந்து அவர்கள் நேராக இங்கேதான் வந்தார்கள்.

நாற்காலி போதவில்லை. பொடியன் ஓடினான். பின்வாசலில் இருந்து நாற்காலி, அலுவலக அறையில் இருந்து பெஞ்சு, கடைசியில் பொறுப்பாளரே தன் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். ஓடிக்கொண்டே போனிடம் சொன்னான். "அம்மா, வராங்கம்மா. யாருன்னே தெரியல. உட்கார இடம் இல்ல. சுவரோரமா நிக்கறாங்க. நான் அப்புறம் பேசறேன்."

கம்பி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அதுவரை ஆடிக்கொண்டிருந்த அவருடைய கால் நின்றுவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ரொட்டிக் கடைப் பெண்ணிடம், பூனை வீடியோ பார்த்தாயா என்று கேட்டார்.

அதில்தான் முதலில் கேட்டதாக அவள் ஒப்புக்கொண்டாள். பிறகு முழுப் பாட்டையும் தேடி எடுத்ததாகவும், விடியற்காலை மாவு பிசையும்போது அதைத்தான் போடுவார்கள் என்றும் சொன்னாள். பாதியில் மூன்று தட்டு வருமே, அந்த இடத்தில் கடையில் எல்லாரும் மேசையில் மாவை அடிப்பார்களாம்.

"மூணு தட்டா?" கம்பியின் புருவம் நெரிந்தது. "அப்படி ஒண்ணும் நாங்க வாசிக்கலையே."

அவள் முழங்கை மாவைத் துடைத்துவிட்டு நாற்காலி விளிம்பில் தட்டிக் காட்டினாள். டொக், டொக், டொக். பின்வரிசையில் யாரோ அதைக் கேட்டுத் தானும் தட்டினார்கள். சுவரோரமாக நின்றவர்கள் சுவரில் தட்டினார்கள். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள், அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.

கம்பி சுற்றிலும் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பொடியன் பயந்துபோனான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாடி, அது பாட்டு இல்ல. அது கீழ்வீட்டுக்காரன். ரெக்கார்டு பண்றப்ப துடைப்பக் கட்டையால கீழேருந்து கூரையை இடிச்சான். அதை அழிக்க எங்களுக்கு வழி தெரியல."

மண்டபம் சிரித்தது. சாவு வீட்டில் சிரிக்கலாமா என்று சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவள் போல.

கம்பி வண்டிச் சாவியைப் பொடியன் பக்கம் நீட்டினார்.

அவன் பறந்தான். கிடாரோடு திரும்பியபோது மூச்சு வாங்கியது. கம்பி அதை மடியில் வைத்துக் காதைச் சாய்த்து, ஒவ்வொரு கம்பியாகச் சுருதி பார்த்தார்.  பிறகு வாசிக்க ஆரம்பித்தார். கேசட்டில் போடுவதற்கு முன் மாடி வீட்டில் வாசித்தார்களே, அதே நிதானத்தில், அதே சுருதியில்.

பாடவேண்டிய இடம் வந்ததும் மொத்த மண்டபமும் பாடியது. கடைசி பஸ் போகட்டும், நாம நடந்தே போகலாம். ஆனால் அவர்கள் ஏறின சுருதியில், ஏறின வேகத்தில் பாடினார்கள். அது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும். கிடார் கீழே ஒரு வழி போனது, குரல்கள் மேலே ஒரு வழி போயின. இரண்டும் உரசியது பல்லில் மண் கடிபட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு குரலாக அடங்கியது. அவர் கிடார் கம்பிகளின் மேல் கையை வைத்து அமுக்கினார்.

அவர் காது சிவந்திருந்தது. அவர்கள் தப்பாகப் பாடவில்லை, தப்பாக ஏறியதைச் சரியாகப் பாடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதுதான் அவரைக் குத்தியது. எழுந்து போய்விடுவாரோ என்று பொடியனுக்குத் தோன்றியது. கிடார் உறையின் வாயைத் தன்னையறியாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இது எங்க பாட்டு" என்றார் கம்பி, யாரையும் பார்க்காமல். "அவங்க பாடறது மோட்டாரோட பாட்டு."

அத்தை அங்கிருந்தே சொன்னாள். "அவரும் கடைசியில அப்படித்தான் பாடிக்கிட்டிருந்தாரு."

"யாரு, இவனா?"

"ஆஸ்பத்திரில. போன்ல போட்டுட்டு, கூடவே."

"அரைக்கட்டை மேலயா? அந்தத் தொண்டையை வச்சுக்கிட்டா? எட்டாதே."

"எட்டல" என்றாள் அத்தை. "அப்பவும் பாடினாரு."

பொறுப்பாளர் மறுபடி கதவைத் திறந்தார். நேரத்தைச் சொல்ல வந்தவர் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த உயரத்துக்குப் போக, விரலை ஒரு கட்டம் தள்ளிப் பிடித்து வாசித்திருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டில் தடித்த அடிக்கம்பி, விரல் அழுத்தாமல், திறந்தபடியே அதிர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதை ஏற்ற அப்போது இருந்த ஒரே வழி முறுக்குவதுதான். கம்பி, கிடாரின் தலைப்பக்கத்து முறுக்காணியில் விரலை வைத்தார். திருகினார். மீட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருகினார். பழைய கம்பிகள் முனகின. ஒன்று அறுந்தாலும் மாற்றுக் கம்பி கிடையாது. ஒன்று முடிந்து அடுத்தது. மண்டபத்தில் எல்லார் கண்ணும் அவருடைய இரண்டு விரல்களின் மேல் இருந்தது.  கடைசிக் கம்பியை ஏற்றும்போது அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார், அறுந்தால் கண்ணில் அடிக்கும் என்று. அறவில்லை.

"சுருதி கொடும்மா" என்றார் ரொட்டிக் கடைப் பெண்ணிடம்.

அவள் முனகினாள். அவர் அடிக்கம்பியை மீட்டி, அவள் சுருதியோடு சேர்த்தார். பிறகு வேகமாக, மோட்டார் மாமாவைப் பதினெட்டு வயதுப் பையனாக்கிய அதே வேகத்தில், ஆரம்பித்தார்.

சுவர்கள் அதிர்ந்தன. கைக்குழந்தை முழித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தது. ஹெல்மெட்காரர்கள் ஹெல்மெட்டில் தாளம் போட்டார்கள். கம்பிக்கும் அந்த உயரம் எட்டவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, எட்டாத குரலோடு அவரும் பாடினார். மூன்று தட்டு வந்தபோது அத்தை பெட்டியின் விளிம்பில் விரல்களை மடக்கித் தட்டினாள்.

பொடியன் எல்லாவற்றையும் பதிவு செய்தபடி போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அவனும் பாடினான், குரல் நடுங்கியது. அவன் அதை மறைக்கவில்லை.

பாட்டு முடிவதற்குள்ளேயே பொறுப்பாளர் சுவரில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டார். திரை மெல்ல நகர்ந்தது. திறந்த கதவுக்கு வெளியே, அடுத்த குடும்பத்தின் வண்டியோடு வந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் கையில் பூவோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய செருப்பின் முனை தரையில் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பொடியன் பின்வாசலுக்கு வந்து, போனை வாயருகே கொண்டுபோனான்.

"அம்மா, பாட்டை அனுப்பியிருக்கேன். இந்தத் தடவை எழுத்து இல்ல, சத்தம். நல்லா சத்தமா வச்சு, எல்லாரும் கேளுங்க. முடியற வரைக்கும் யாரும் நிறுத்திடாதீங்க."